நெற்றி இல்லாத மெஷினுக்கு வைத்த பொட்டு

பூமாலைக்குக் குரல் பெரிது. கரும்பு வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், வரப்பின் இந்தக் கோடியில் நின்று “சோறு வந்துடுச்சு, வாங்க” என்று அவள் ஒரு சத்தம் கொடுத்தால் போதும், அந்தக் கோடியில் வெட்டுகிறவர்கள் கத்தியைக் கீழே போட்டுவிடுவார்கள். லாரி ஹாரனுக்கு ஒதுங்காதவன்கூட பூமாலை குரலுக்கு ஒதுங்குவான் என்று கேலி பேசுவார்கள். அவள் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டதே இல்லை. நிலம் இல்லை, கழுத்தில் நகை இல்லை, குரலாவது இருக்கட்டுமே என்று வைத்துக்கொண்டாள். அந்தக் குரலால்தான் ஒரு மனுஷனின் பேர் கெட்டது. பூமாலை கெட்டவள் என்று யாராவது சொன்னால் அது பொய். ஆனால் நடந்தது நடந்ததுதான், அதை மூடி வைத்துச் சொல்ல முடியாது.

கச்சிராயபாளையத்தில் கோமுகி அணைக்குப் போகிற ரோட்டில், குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி போடுகிற விவசாயிகள் சேர்ந்து நடத்துகிற சங்கம் ஒன்றின் குடோன் இருக்கிறது. அதன் பின்பக்கத்து அறைக்கு வெள்ளையடித்து, ஏசி மாட்டி, லேப் என்று எழுதி வைத்தார்கள். பூமாலை அங்கே கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தாள். கரும்பு வெட்டில் இடுப்பு போய், ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலையில் கிழங்குத் தோல் சீவி விரல் எல்லாம் வெடித்து, அதற்குப் பிறகு கிடைத்த நிழல் வேலை அது. அவள் வீட்டுக்காரர் ராசு லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். “ஏசியில ஒக்காந்துகினு சம்பளம் வாங்கறவ எங்க வூட்டுக்காரி” என்று டீக்கடையில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

அந்த லேப் எதற்கென்றால், குச்சிக்கிழங்குக்கு விதை கிடையாது. வளர்ந்த செடியின் குச்சியைத் துண்டு துண்டாக வெட்டி நட்டால் அதுதான் அடுத்த செடி. தாய்ச்செடிக்குத் தேமல் நோய் இருந்தால் குச்சியோடு சேர்ந்து அதுவும் போகும். இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாகிச் சுருண்டு, கிழங்கு விரல் பருமனிலேயே நின்றுவிடும். சில தாய்ச்செடி பார்வைக்கு லட்சணமாக நிற்கும், நோய் உள்ளே ஒளிந்திருக்கும். அதைக் குச்சி வெட்டும் முன்பே கண்டுபிடிக்கத்தான் லேப்.

லேப்பைப் பார்த்துக்கொண்டவள் அருள்மொழி. எலவனாசூர்கோட்டைப் பெண். செடியின் உள் சமாச்சாரம் எல்லாம் படித்தவள். இலையை நசுக்கிச் சாறெடுப்பது பூமாலைக்குக் கற்றுக்கொடுத்த வேலை. அந்தச் சாற்றில் ஒரு துளியிலும் சின்னத் துளியை எடுத்து, பணியாரச் சட்டி போலக் குழி குழியாக இருக்கிற பிளாஸ்டிக் தட்டில், ரோஜா நிற மருந்தோடு சேர்ப்பது அருள்மொழியின் வேலை. தட்டைச் சூடு காட்டி எடுத்தால், நோய் இருக்கிற குழி மஞ்சளாகும். நோய் இல்லாத குழி ரோஜாவாகவே இருக்கும்.

“மங்களமான நெறத்த போயி நோய்க்கு குடுத்துட்டாங்களே” என்று பூமாலை முதல் நாளே வருத்தப்பட்டாள்.

குழிக்குக் குழி துளி விட்டு அருள்மொழியின் கட்டைவிரல் வீங்கிவிடும். பூமாலை வெந்நீரில் உப்புப் போட்டு அந்த விரலை முக்கி வைப்பாள். “இதுக்கு ஒரு மெஷின் கெடையாதா பாப்பா?” என்றாள் ஒரு நாள்.

“கெடைக்குதுக்கா. பெரிய கம்பெனி ரோபோ. இந்த குடோன வித்தாலும் பத்தாது.”

ஆனால் அருள்மொழி சும்மா இருக்கிறவள் இல்லை. பிளாஸ்டிக்கில் சாமான் வார்க்கிற பழைய 3டி பிரிண்டர் ஒன்றின் சட்டத்தை வாங்கினாள். கள்ளக்குறிச்சி பட்டறையில் தகடு வெட்டிக்கொண்டு வந்தாள். சின்னச் சின்ன மோட்டார், ஊசி போடுகிற சிரிஞ்சு, கொஞ்சம் ஒயர். செய்முறை எல்லாம் நெட்டில் சும்மாவே கிடைக்கிறதாம். எங்கோ இருக்கிற பிள்ளைகள் செய்து பார்த்து, இல்லாதவர்களும் செய்துகொள்ளட்டும் என்று போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளை நினைத்துப் பூமாலை கையெடுத்துக் கும்பிட்டாள். கடைசியில் ஒரு பழைய டூவீலர் வாங்குகிற செலவில் ரோபோ ஒன்று மேசைமேல் நின்றது.

ரோபோ என்றதும் தலை, கால், கண்ணோடு ஒன்று வரும் என்று சங்கத்து ஆட்கள் எதிர்பார்த்தார்கள். வந்தது நாலு கம்பி நிறுத்திய கூடு. அதில் ஒரு கை மட்டும் தொங்கும். இடது வலது போகும், முன் பின் போகும், இறங்கி ஏறும். பிளாஸ்டிக் முனையைத் தானே மாட்டிக்கொள்ளும், சாற்றை உறிஞ்சும், குழியில் விடும், முனையைக் கழற்றிப் போடும். தினமும் வேலை தொடங்கும் முன் மட்டும் பின்பக்க மூலைக்குப் போகும். அங்கே ஒரு ரூபாய்க் காசு அளவில் பித்தளைத் தகடு இருந்தது. கை மெதுவாக இறங்கி, அதைத் தொட்டு, டிக் என்று சத்தம் கேட்ட பிறகுதான் எழும்பி வேலைக்குப் போகும்.

“இன்னாத்துக்கு அங்க போயி தொட்டுட்டு வருது?” என்று கேட்டாள் பூமாலை.

“அதுக்கு கண்ணு கெடையாதுக்கா. அத தொட்டாதான், தான் எங்க இருக்கோம்னு தெரியும். அங்கேருந்துதான் எவ்ளோ எறங்கணும்னு கணக்கு.”

“நாம காட்டுல எறங்கறதுக்கு முன்ன பூமிய தொட்டு கும்புடுறோமே, அது மாதிரி.”

அருள்மொழி சிரித்துவிட்டாள். “அப்படியும் வெச்சிக்கலாம்.”

பூமாலை அப்படியேதான் வைத்துக்கொண்டாள். வந்து போகிற விவசாயிக்கெல்லாம் அதைக் காட்டி, “பாருங்க, சாமி கும்புட்டுதான் வேலைய தொடங்கும்” என்பாள். சொந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியதைச் சொல்கிற மாதிரி முகம் இருக்கும்.

ஆயுத பூஜை வந்தது. அருள்மொழி ஊருக்குப் புறப்படும் முன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள். தட்டு வைக்கிற மேடையில் எதுவும் படக் கூடாது, முனைப் பெட்டியில் படக் கூடாது, கம்பியில் எண்ணெய் தவிர எதுவும் படக் கூடாது. பூமாலை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அந்தச் சொல்லில் ஒன்றையும் அவள் மீறவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும்.

அறையைக் கழுவி விட்டாள். ஃப்ரிட்ஜுக்குப் பொட்டு. சூடு காட்டுகிற பெட்டிக்குப் பொட்டு. கதவுக்கு, துடைப்பத்துக்கு, அருள்மொழி உட்காருகிற நாற்காலிக்குக்கூடப் பொட்டு. ரோபோவின் சட்டத்துக்குச் சாமந்தி மாலை. ஆனால் பொட்டை எங்கே வைப்பது? டிராக்டர் என்றால் முன்பக்கம் முகம் மாதிரி இருக்கிறது. பஸ் என்றால் கண்ணாடி. இதற்கு நெற்றி எது? கம்பியில் கூடாது, மேடையில் கூடாது. சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். மூலையில் அந்தப் பித்தளைத் தகடு தெரிந்தது. தினமும் போய்த் தொட்டுக் கும்பிடுகிற இடம். இதை விட்டால் வேறு நெற்றி ஏது?

முந்தின வருஷம் ஏசிக் காற்றில் சந்தனம் காய்ந்து உதிர்ந்து, மறுநாளே ஃப்ரிட்ஜ் வெறும் நெற்றியோடு நின்றது அவளுக்கு உறுத்தலாக இருந்தது. அதனால் இந்த முறை கிழங்கு மாவில் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சி, அதில் சந்தனத்தைக் குழைத்தாள். சுவரில் போஸ்டர் ஒட்டுவது அந்தக் கஞ்சியில்தான். மழையே பெய்தாலும் போஸ்டர் கிழியுமே தவிர உரியாது. அந்தக் குழைச்சலைத் தகட்டின் நடுவில் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தாள். சூடத்தை வெளியே கொளுத்தினாள். “எங்க பாப்பாவோட வெரல காப்பாத்தனவ நீ. நல்லா இரு” என்று மெஷினிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

பொட்டு காய்ந்து கல்லாகப் பிடித்துக்கொண்டது.

லீவு முடிந்து வந்த அருள்மொழி மாலையைப் பார்த்துச் சிரித்து, அதைக் கழற்றி வைத்துவிட்டு மெஷினை ஓட விட்டாள். கை மூலைக்குப் போனது, தொட்டது, டிக் என்றது. மூலை இருட்டுக்குள் யார் குனிந்து பார்க்கிறார்கள்?

அந்த வாரத்தில்தான் இருசப்பன் இலை கொண்டு வந்தார். வெள்ளிமலைக்கு அப்பால், கல்வராயன் மலை மேலே ஊர். ஈரத் துணியில் இலைகளைச் சுற்றி, மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு பஸ்ஸில் இறங்குவார். குச்சிக்காகவே தனியாகத் தாய்ச்செடி வளர்க்கிறவர். இருசப்பன் குச்சி என்றால் மலையில் பத்து ஊரில் கேள்வி கேட்காமல் நடுவார்கள். பேச்சு குறைவு. பூமாலை பேசுகிறதைக் கேட்டு மீசைக்குள் சிரிப்பார்.

அவர் இலை எல்லாம் ரோஜா நிறத்திலேயே நின்றது. கடைசிக் குழி மட்டும் மஞ்சள். அந்தக் குழியில் நோய்ச் சாற்றை அருள்மொழி தன் கையால் விடுவாள். மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக எப்போதும் செய்வது. அது மஞ்சளானதால் மருந்து நல்ல மருந்து, மற்றக் குழி ரோஜாவாக இருந்ததால் செடி நல்ல செடி. அப்படித்தான் அருள்மொழி நினைத்தாள், யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

பூமாலையே இருசப்பனுக்குப் போன் போட்டாள். “அண்ணே, ஒரு மஞ்சள் கெடையாது. தாராளமா வெட்டுங்க. எங்க மெஷின் சொல்லிடுச்சு.”

அவர் வெட்டினார். கட்டுக் கட்டாக ஜீப்பில் மலை ஊர்களுக்குப் போனது. மழை நன்றாக இருந்தது. குச்சி துளிர் விட்டது. துளிர் விரிந்து இலையானபோது, இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது.

கச்சிராயபாளையம் வாரச் சந்தைக்கு மலைக்காரர்கள் இறங்கி வருவது வழக்கம். பூமாலை கருவாடு வாங்கிக்கொண்டிருந்தாள். புளி விற்கிற இடத்தில் கூட்டம். நடுவில் இருசப்பன். அவர் எதிரே ஆயம்மாள் என்கிற பெண், வேரோடு பிடுங்கிய கிழங்குச் செடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். மலையில் சொந்தக் காடு வைத்து, ஆள் வைக்காமல் தானே பாடுபடுகிறவள்.

“பாரு மாமா, ஒன்னோட குச்சி. காடு முச்சூடும் இப்பிடித்தான் நிக்குது. எம் மொகத்த பாத்து சொல்லு.”

“லேப்புல பாத்துட்டுதாம்மா குடுத்தேன்” என்றார் இருசப்பன்.

“லேப்புக்கு காட்டுனது ஒரு எல, எங்களுக்கு குடுத்தது வேற குச்சியா?” என்றான் சரத்குமார். அவனும் அவரிடம் குச்சி வாங்கி நட்டவன், ஆயம்மாளுக்குப் பக்கத்துக் காட்டுக்காரன்.

“நான் அப்பிடி செய்வனாடா?”

கூட்டத்தில் யாரோ, “லேப்பு பொம்பளயே இங்கதான இருக்குது, கேளுங்க” என்றார்கள். எல்லோரும் பூமாலை பக்கம் திரும்பினார்கள்.

அங்கே அவள் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மேடத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் மெஷினை அல்லவா சந்தேகப்படுகிறார்கள்? கருவாட்டுப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கரும்புக் காட்டுக்குக் கேட்கிற குரலில் சொன்னாள்:

“எங்க மெஷின் பொய் சொல்லாது! அவரு கொண்டாந்த எலயில நோய் கெடையாது, நானே என் கண்ணால பாத்தேன். அப்பறம் எப்பிடி வந்துச்சு? நல்ல குச்சிய காட்டிட்டு நோய்க் குச்சிய கலந்து வித்தா வராம இன்னா பண்ணும்? வாய் செத்த மனுசன்னு பாத்தா, வேல செஞ்சிருக்காரு!”

சந்தை முழுக்கக் கேட்டது. வெங்காயக்காரர் எடை போடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார். இருசப்பன் பூமாலையை ஒரு முறை பார்த்தார். விற்கக் கொண்டு வந்த சாமை மூட்டையைப் பிரித்தவர், பிரித்த கட்டை மறுபடி கட்டி, தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். அன்றைக்கு அவரிடம் சாமைகூட யாரும் வாங்கவில்லை.

மறுநாள் லேப் திறக்கும்போதே அவர் வாசலில் நின்றார். ஈரத் துணியில் தன் தாய்ச்செடியின் இலை. அதோடு ஆயம்மாள் காட்டில் பறித்த திட்டு விழுந்த இலையும்.

“மறுக்கா ஒருவாட்டி பாருங்க மேடம்” என்றார் அருள்மொழியிடம். பூமாலை பக்கம் திரும்பவே இல்லை. அருள்மொழி உட்காரச் சொன்னாள். அவர் உட்காராமல், டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போய்விட்டார்.

சாறெடுத்து மெஷினில் வைத்தார்கள். சூடு காட்டி எடுத்தார்கள். அருள்மொழி கையால் விட்ட கடைசிக் குழி தவிர எல்லாம் ரோஜா. ஆயம்மாள் காட்டு இலையும் ரோஜா. கையில் இலை திட்டுத் திட்டாகக் கிடக்கிறது, கண் முன்னால் மெஷின் நோய் இல்லை என்கிறது.

அருள்மொழியின் முகம் மாறிவிட்டது. மறுபடி ஓட விட்டு, இந்த முறை முனைக்கு நேரே கண்ணை வைத்துப் பார்த்தாள். மருந்துக் கிண்ணம் ஆழம், அதில் முனை முங்கியது, மருந்தை எடுத்தது. இலைச்சாறு குப்பியின் அடியில் துளிதான். அங்கே முனை இறங்கி, சாற்றைத் தொடாமல் ஒரு மயிரிழைக்கு மேலேயே நின்றது, வெறும் காற்றை உறிஞ்சியது, எழும்பிப் போய் அந்தக் காற்றைக் குழியில் விட்டது. எந்தக் குழியிலும் இலைச்சாறு விழவே இல்லை.

“மேலயே நிக்குதே… ஏன் மேலயே நிக்குது?” என்று அருள்மொழி தனக்குத் தானே பேசிக்கொண்டாள். அளவை எல்லாம் சரிபார்த்தாள். பிறகு போன் விளக்கைப் போட்டுக்கொண்டு மூலையில் குனிந்தாள். நகத்தால் எதையோ சுரண்டினாள். சுரண்டியது வரவில்லை. கத்தி முனையால் நெம்பினாள். காசு அளவில், கல் மாதிரி, மேலே மங்கிய குங்குமத்தோடு அது கழன்று மேசையில் விழுந்தது.

பூமாலை வைத்த பொட்டு.

அருள்மொழி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகச் சொன்னாள். “தகடு ஒசந்துடுச்சுக்கா. கை இத தொட்டுட்டு, இதான் தகடுன்னு நெனச்சிக்கிச்சு. பொட்டு எவ்ளோ தடிமனோ, அவ்ளோ மேலயே நின்னுடுச்சு.”

“நீ வேணாம்னு சொன்ன எடத்துல நான் வெக்கலயே பாப்பா.”

“சொல்லாதது என் தப்புதான். அதுக்கு இன்னா வேலன்னு புரியற மாதிரி சொல்லியிருக்கணும். எல்லாம் ரோஜாவா வருதேன்னு நானும் சந்தோசமா இருந்துட்டேன், ஒருவாட்டி குனிஞ்சு பாக்கல.”

தகட்டைத் துடைத்து மறுபடி ஓட விட்டார்கள். குழிகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகின. ஆயம்மாள் காட்டு இலை மஞ்சள். இருசப்பனின் தாய்ச்செடி மஞ்சள். பார்வைக்கு அத்தனை லட்சணமாக இருந்த செடிகள். அன்றைக்கே மஞ்சள் என்று சொல்லியிருந்தால் அவர் ஒரு குச்சியும் வெட்டியிருக்க மாட்டார். நோய் அவர் காட்டோடு நின்றிருக்கும். இப்போது பத்து ஊர்க் காட்டில் போய் நிற்கிறது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பூமாலை குப்பி கழுவுகிற தொட்டிப் பக்கம் போய்க் குழாயைத் திறந்து விட்டாள். கழுவ ஒன்றும் இல்லை. தண்ணீர்ச் சத்தத்துக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டாள்.

“மன்னிச்சிடுங்க அய்யா. மெஷினோட அளவு தப்பிடுச்சு. உங்க மேல தப்பே இல்ல. நோய் தாய்ச்செடியிலயே இருந்திருக்கு, நாங்கதான் கண்டுபிடிக்கல” என்றாள் அருள்மொழி.

இருசப்பனின் குரல். “அப்ப நான் கலக்கல.”

“இல்லய்யா.”

“இத சந்தையில சொல்லுவீங்களா?”

“சங்கத்துல எழுதி ஒட்டச் சொல்றேன்.”

அவர் போய்விட்டார். அருள்மொழி தொட்டிப் பக்கம் வந்து குழாயை மூடினாள். “பொட்டு விசயம் நமக்குள்ள இருக்கட்டும்கா. அளவு தப்பிடுச்சுன்னு சொன்னதும் பொய் இல்லயே” என்றாள்.

அப்போது பூமாலைக்கு மனசுக்குள் ஒரு ஆறுதல் வந்தது. அப்பாடா, தப்பித்தோம் என்று. பின்னால் எத்தனையோ நாள் அவள் நினைத்து நினைத்துக் கூசியது பொட்டு வைத்ததற்காக அல்ல, அது தெரியாமல் செய்தது. அந்த அப்பாடாவுக்காகத்தான். ஒரு மனுஷன் அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நடந்து போகிறான், இந்தப் பக்கம் இவளுக்கு ஆறுதல் வருகிறது. தூ என்று தன் முகத்திலேயே துப்பிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

சங்கத்தில் கருவிப் பிழை என்று எழுதி ஒட்டினார்கள். அதை யார் படிக்கிறார்கள்? படித்தவர்களும் நம்பவில்லை.

ராசு ஒரு சாயங்காலம் சோற்றில் கை வைத்தபடி சொன்னார். “சாமர்த்தியசாலிதான்டி அந்த மலைக்காரன். சங்கத்துல யாரையோ புடிச்சி, மெஷின் தப்புன்னு எழுதி வாங்கிட்டானாம். கடையில பேசிக்கினு இருந்தாங்க.”

“யார் சொன்னா?”

“எல்லாருந்தான். நீதான் சந்தையிலயே போட்டு ஒடச்சிட்டியாமே. பூமாலையே சொன்ன அப்பறம் இன்னா, எழுதி ஒட்டுனா ஆச்சான்றாங்க.”

பூமாலை சட்டியை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து வெளியே போய் நின்றாள். ராசு, “கொழம்புல உப்பு ஜாஸ்தின்னு நான் சொல்லவே இல்லயே, இன்னாத்துக்கு கோவிச்சிக்கற?” என்று உள்ளிருந்து கேட்டார். அவள் உள்ளே வந்து உட்கார்ந்து, பொட்டு வைத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். பொதுவாக எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கிற மனுஷன் அன்றைக்குக் கையைக் கழுவிவிட்டு, “அடிப் பாவி” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அவள் அருள்மொழியிடம் போய் நின்றாள். “நான் சந்தையில சொல்லப் போறேன்.”

“சிரிப்பாங்கக்கா.”

“சிரிக்கட்டும்.”

“உங்கள மட்டும் இல்ல, லேப்பையே சிரிப்பாங்க. நாளைக்கு யாரும் எல கொண்டு வர மாட்டாங்க. கொஞ்ச நாள்ல தானா அடங்கிடும், வுட்டுடுங்க.”

“நீ வேற எது சொன்னாலும் கேப்பேன் பாப்பா. இத கேக்க மாட்டேன். நான் எழுதி ஒட்டலயே அன்னைக்கு. வாயாலதான சொன்னேன்?”

அருள்மொழி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, “நானும் வர்றேன்” என்றாள். பூமாலை வேண்டாம் என்றாள். கூட ஆள் வைத்துக்கொண்டா அவரைப் பேசினாள்?

சந்தையன்று அதே புளிக் கடைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஆயம்மாள் பூண்டு வாங்கிக்கொண்டிருந்தாள். சரத்குமார் யாருடனோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் தள்ளி, சாமை மூட்டைக்குப் பின்னால் இருசப்பன் குந்தியிருந்தார். அவர் முன்னால் ஆளே இல்லை.

பூமாலை வாயைத் திறந்தாள். அவ்வளவு பெரிய குரல், நூலாகி வந்தது. “அன்னைக்கு நான் சொன்னது தப்பு…” என்று ஆரம்பித்தது பக்கத்தில் இருந்த புளிக்காரிக்கு மட்டும்தான் கேட்டது.

“இன்னாமா மொணமொணங்கற? சத்தமா சொல்லு” என்றாள் புளிக்காரி.

சொன்னாள். ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைத்ததை, கிழங்குக் கஞ்சியில் சந்தனம் குழைத்ததை, மெஷின் சாற்றுக்குப் பதில் காற்றைக் குடித்ததை, இருசப்பன் எதையும் கலக்கவில்லை என்பதை. பாதி சொல்லும்போதே கூட்டம் கூடிவிட்டது. ஒரு நிமிஷம் எல்லோரும் முழித்தார்கள். பிறகு சரத்குமார், “மெஷினுக்கு பொட்டு மட்டுந்தான் வெச்சியா அத்த? மொட்ட அடிச்சி காது குத்தலயா?” என்றான்.

சந்தையே சிரித்தது. வெங்காயக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “மறு வருசம் பொடவ கட்டி வுடு”, “மாப்ள பாரு”, “சீமந்தம் எப்போ?” என்று ஆளுக்கு ஒன்று. பூமாலை முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓடவில்லை. காது மடல் நெருப்பாக எரிந்தது.

சிரிக்காதவள் ஆயம்மாள் ஒருத்திதான். “சிரிக்காதீங்கடா” என்றாள். “எங் காட்டுல புடுங்கிப் போட்ட செடி குமிஞ்சு கெடக்குது. ஒங்களுக்கு சிரிப்பு வருதா?”

சிரிப்பு நின்றது. பூமாலைக்கு அந்தச் சிரிப்பே தேவலை என்றிருந்தது. ஆயம்மாள் அவளைத் திட்டவில்லை. பூண்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவள் பக்கம் பார்க்காமல் போய்விட்டாள்.

இருசப்பன் எழுந்து வந்தார். எதிரே நின்றார்.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுதுண்ணே.”

“அன்னைக்கு இத வுட சத்தமா சொன்ன.”

பூமாலை நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. பொருளை நிறுத்துப் பார்த்து, எடை குறைகிறது என்று சொல்கிறவரின் முகம். அவர் சொன்னது சரி. அன்றைக்குச் சந்தையின் அந்தக் கோடிக்குக் கேட்டது. இன்றைக்கு இங்கே நிற்பவர்களுக்குத்தான் கேட்டிருக்கிறது.

பையைக் கீழே வைத்தாள். மூச்சை இழுத்தாள். கரும்புக் காட்டின் கோடியில் நிற்கிறவளாகக் கண்ணை மூடிக்கொண்டு, முழுக் குரலையும் எடுத்துச் சொன்னாள்:

“இருசப்பன் குச்சி கலக்கல! நான்தான் மெஷின கெடுத்தேன்! தெரியாம அவர பேசிட்டேன்! அவரு மேல ஒரு தப்பும் இல்ல!”

மீன் கடைக்குக் கேட்டது. பஸ் நிறுத்தத்துக்குக் கேட்டது. புறப்பட இருந்த மலை பஸ்ஸின் ஜன்னல்களில் தலைகள் எட்டிப் பார்த்தன. கண்ணைத் திறந்தபோது இருசப்பன் தன் மூட்டைக்கே திரும்பிப் போய்க் குந்தியிருந்தார். ஒரு பெண் அவர் முன்னால் படியை நீட்டிச் சாமை கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் பூமாலையை மறுபடி பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு கச்சிராயபாளையத்தில் அவள் பெயர் பூமாலை இல்லை, மெஷினுக்குப் பொட்டு வைத்தவள். டவுன் பஸ் கண்டக்டர்கூட, “பொட்டம்மா, உள்ள வா” என்கிறார். ராசு ஒரு முறை அதற்குச் சண்டைக்குப் போனார். அவள்தான் இழுத்துக்கொண்டு வந்தாள். “அவங்க சொல்றது பொய்யா? சும்மா வா.”

லேப்புக்கு இலை வருவது கொஞ்ச நாள் நின்றே போனது, அருள்மொழி பயந்த மாதிரியே. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். சாறு விழுந்ததா இல்லையா என்று காட்டிக்கொடுக்க ஒவ்வொரு இலைக்கும் அருள்மொழி இன்னொரு குழி சேர்த்துவிட்டாள். நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சாறு விழுந்திருந்தால் அந்தக் குழி மஞ்சளாக வேண்டும். இனிமேல் காற்றைக் குடித்தால் தெரிந்துவிடும்.

இருசப்பன் தாய்ச்செடி எல்லாவற்றையும் பிடுங்கிக் கொளுத்திவிட்டு, வேறு ஊரிலிருந்து குச்சி வாங்கி நட்டு, அது வளர்ந்ததும் வந்தார். அதே ஈரத் துணி. பூமாலை இலையை வாங்கக் கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நேராக மெஷினிடம் போனார். மூலையில் குனிந்தார். தோளில் கிடந்த துண்டின் நுனியால் அந்தப் பித்தளைத் தகட்டை ஒரு முறை துடைத்தார். துண்டின் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. பிறகுதான் திரும்பி இலையைப் பூமாலை கையில் கொடுத்தார்.

“இப்ப போடு.”

அவர் குத்தலாகச் செய்யவில்லை. நாலு பேர் பார்க்கட்டும் என்றும் செய்யவில்லை. வண்டி எடுக்கும் முன் பிரேக்கை அழுத்திப் பார்க்கிற மாதிரி செய்தார். அதுதான் பூமாலைக்குத் தாங்க முடியவில்லை. அவரைப் பார்த்து ஆயம்மாளும் அப்படியே செய்தாள், மற்ற மலைக்காரர்களும் செய்தார்கள். இப்போது மலையிலிருந்து இலை கொண்டு வருகிற யாரும் முதலில் தகட்டைத் துடைக்காமல் இலையைக் கொடுப்பதில்லை. அழுக்குத் துண்டு வேண்டாமே என்று அருள்மொழி ஒருவாட்டி சொல்லப் போனாள். பூமாலை அவளைப் பேச விடவில்லை. வீட்டிலிருந்து வெள்ளைத் துணி கொண்டு வந்து, துவைத்து மடித்து, மெஷின் பக்கத்தில் வைத்தாள்.

யார் வந்தாலும் அந்தத் துணியை அவள்தான் எடுத்துக் கொடுக்கிறாள். அவர்கள் குனிந்து துடைத்து முடிக்கிற வரைக்கும் இலைக்குக் கை நீட்டாமல், தலையைத் தாழ்த்திக்கொண்டு நிற்கிறாள். தகடு பளபளவென்று இருக்கிறது.